அண்ணன் கனடா குடிமகன். அப்பாவின் வீட்டிலும் நிலத்திலும் யாருக்கு எவ்வளவு?

மலர்_திருச்சி

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக்கு இப்போது யார் வந்தாலும் காபி குடித்துவிட்டு ஒரு சட்டம் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதோடு ஒத்துப்போவதில்லை.

அப்பா மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். போன ஐப்பசியில் இறந்துவிட்டார். உயில் எதுவும் எழுதவில்லை. அம்மா இருக்கிறார், வயது 66. அப்பாவைப் பெற்ற பாட்டியும் எங்களோடுதான் இருக்கிறார், 91 ஆகிறது. பிள்ளைகள் நாங்கள் இருவர். அண்ணன் கனடா போய் 2019-இல் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) வைத்திருக்கிறார். நான் இங்கேயே, அம்மாவோடு.

சொத்து இரண்டு. திருச்சியில் ஒரு வீடு, அப்பா 1996-இல் தன் சம்பளத்தில் மனை வாங்கிக் கட்டியது. லால்குடி வட்டத்தில் 1 ஏக்கர் 62 சென்ட் நஞ்சை, அது தாத்தா வழியில் வந்தது. பட்டா அப்பா பெயரில் இருக்கிறது.

தாய்மாமா சொல்கிறார்: குடியுரிமையை விட்டுக் கொடுத்தவனுக்கு இந்த மண்ணில் பங்கு கிடையாது, எல்லாம் உனக்குத்தான் என்று. அண்ணன் சொல்கிறார்: நிலம் பூர்வீகம், அதில் என் பையன்கள் இருவருக்கும் பிறந்த உரிமை இருக்கிறது, நீயோ கல்யாணத்துக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டாய் என்று. உண்மைதான், 2009-இல் 20 ரூபாய் முத்திரைத் தாளில் "அப்பா சொத்தில் எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். நகை போட்டார்கள், கையெழுத்து கேட்டார்கள், போட்டேன். பதிவு எதுவும் செய்யவில்லை.

இப்போது அண்ணன் ஒரு யோசனை சொல்கிறார். வீட்டை நானும் அம்மாவும் வைத்துக்கொள்வது, நிலத்தில் என் பங்கை விட்டுக் கொடுத்து நான் அவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்பது. ரிட்டயர் ஆனதும் அங்கே ஒரு வீடு கட்டிக்கொண்டு இருக்கப் போகிறாராம். அவரால் இப்போது வர முடியாது, அவருடைய சகலைக்கு ஜெனரல் பவர் (எல்லா வேலைக்குமான அதிகாரப் பத்திரம்) அனுப்புகிறேன் என்கிறார். சகலையை நான் நாலு கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான் பழக்கம்.

இன்னொன்று. வாரிசுச் சான்றிதழ் வந்துவிட்டது. அதில் அம்மா, அண்ணன், நான் தவிர பாட்டி பெயரும் இருக்கிறது. வி.ஏ.ஓ. தெரியாமல் சேர்த்துவிட்டார், நீக்கச் சொல்லி மனு கொடு என்கிறார் அண்ணன். கொடுக்கலாமா?

அண்ணன் கெட்டவர் இல்லை. அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் அவர்தான் பார்த்தார். சண்டை போட நான் இங்கே வரவில்லை. எது சரி என்று தெரிந்தால் அதன்படி செய்துவிடலாம் என்றுதான் கேட்கிறேன்.

பழைய_பத்திர_எழுத்தர்

அம்மா மலர், அந்த மனுவை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். வி.ஏ.ஓ. சரியாகத்தான் செய்திருக்கிறார். உங்கள் வீட்டில் சட்டம் பேசியவர்களிலேயே தப்பில்லாமல் பேசியது அந்த ஒரு காகிதம்தான்.

1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தில், உயில் எழுதாமல் இறந்த ஆணின் முதல் வகுப்பு வாரிசுகள் மனைவி, மகன், மகள், தாய். தாயை எல்லோரும் மறந்துவிடுவார்கள். பிள்ளை போனபிறகு தாய்க்கு என்ன பங்கு என்று நினைப்பு. தகப்பனார் உயிரோடு இருந்தால் அவர் இரண்டாம் வகுப்பு, தாய் முதல் வகுப்பு. ஆகவே அப்பாவின் வீட்டில் உங்கள் நாலு பேருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. பாட்டியின் பெயரை நீக்கிவிட்டு ஒரு பத்திரம் எழுதினால் அது பிறந்த அன்றே ஊனம்.

இதில் அவசரமும் இருக்கிறது. பாட்டி தன் கால் பங்கை வைத்துக்கொண்டே காலமானால், அந்தக் கால் பங்கு அவருடைய பிள்ளைகளுக்கும், இறந்த பிள்ளையின் பிள்ளைகளுக்கும் போகும். அதாவது உங்கள் பெரியப்பா, அத்தை யாராவது இருந்தால் அவர்களும் உங்கள் திருச்சி வீட்டில் பங்குதாரர்கள். பாட்டி தெளிவாகப் பேசுகிற இந்த நாளிலேயே அதைச் சரி செய்ய வேண்டும்.

மாமா சொன்னதற்கு வருகிறேன். குடியுரிமை போனால் வாரிசுரிமை போகாது. இரண்டும் வேறு வேறு. அயல்நாட்டுக் குடியுரிமையைத் தானாக வாங்கியவருக்கு 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி இந்தியக் குடியுரிமை முடிந்தது, அவ்வளவுதான். அப்பாவுக்கு மகனாக இருப்பது முடியவில்லை. விவசாய நிலத்தைக்கூட, இந்தியாவில் வசித்தவரிடமிருந்து வாரிசாகப் பெறுவதை ஃபெமா என்கிற அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் 6(5) பிரிவு அனுமதிக்கிறது. மாமாவின் சட்டம் எங்கிருந்து வந்தது என்றால், ஓ.சி.ஐ. வைத்திருப்பவர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது என்பதிலிருந்து. அரைகுறையாகக் காதில் விழுந்திருக்கிறது. இந்திய பாஸ்போர்ட்டே வைத்துக்கொண்டு வெளிநாட்டில் வசிக்கிற என்.ஆர்.ஐ.யும் வாங்க முடியாது, அது பலருக்குத் தெரியாது.

அண்ணன் காட்டுகிற 2009 காகிதம். அப்பா உயிரோடு இருக்கும்போது உங்களுக்கு அதில் உரிமையே கிடையாது. நாளை கிடைக்கலாம் என்ற எதிர்பார்ப்புதான் இருந்தது. இல்லாத உரிமையை எப்படி விட்டுக் கொடுப்பது? சொத்து மாற்றுச் சட்டம் 6(அ) இதைத்தான் சொல்கிறது. போதாததற்கு அது பதிவாகவும் இல்லை. ஆனால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: "இன்ன தொகை பெற்றுக்கொண்டு" என்று அதில் எழுதியிருக்கிறதா? பணத்தை வாங்கி அனுபவித்தவர் பின்னால் வந்து பங்கு கேட்கக் கூடாது என்று நீதிமன்றங்கள் சில வழக்குகளில் சொல்லியிருக்கின்றன. நகல் இருந்தால் வக்கீலிடம் வரி விடாமல் படிக்கச் சொல்லுங்கள்.

நிலத்தைப் பற்றி நான் இப்போது எதுவும் சொல்ல மாட்டேன். "தாத்தா வழி" என்றால் எப்படி? தாத்தா வாங்கினாரா, தாத்தாவுக்கு அவர் அப்பாவிடமிருந்து வந்ததா, தாத்தா எந்த வருடம் காலமானார், உங்கள் அப்பாவுக்கு எந்தப் பத்திரத்தின் மூலம் வந்தது? இந்த நாலுக்கும் பதில் இல்லாமல் பூர்வீகம் என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. வீட்டில் தேடுங்கள். தாய்ப் பத்திரம் கிடைக்காவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் மனு போடலாம்.

ஒன்டாரியோ_வாசி

மலர் அக்கா, உங்கள் அண்ணன் நிலையில் இருந்தவன் என்பதால் எழுதுகிறேன். எனக்கும் அப்பா வழியில் புதுக்கோட்டைப் பக்கம் புஞ்சை வந்தது.

முதலில் அண்ணனிடம் கேளுங்கள்: இங்கே குடியுரிமை வாங்கியதும் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சரண்டர் சான்றிதழ் வாங்கிவிட்டாரா? ஓ.சி.ஐ. கிடைத்திருப்பதால் வாங்கியிருப்பார். திருச்சியில் பழைய சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கிறாரா? அதை என்.ஆர்.ஓ. கணக்காக (வெளிநாட்டில் வசிப்பவர் இந்தியாவில் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு) மாற்றியிருக்க வேண்டும். என் நண்பர்களில் பாதிப் பேர் இன்னும் பழைய கணக்கிலேயே ஓட்டுகிறார்கள். சொத்துப் பணம் வரும் நேரத்தில்தான் வங்கிக்காரர் கேட்பார், அப்போது எல்லாம் நிற்கும்.

பவர் விஷயத்தில் நான் கறாராகச் சொல்வேன். ஜெனரல் பவர் வேண்டவே வேண்டாம். "இன்ன சர்வே எண் சொத்துக்கு, இன்னார் இன்னாருக்கிடையே ஆகும் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் எனக்காகக் கையெழுத்திட்டுப் பதிவு செய்ய" என்று ஒரே வேலைக்கான ஸ்பெஷல் பவர் போதும். விற்க, அடமானம் வைக்க, முன்பணம் வாங்க என்ற வரிகள் எதுவும் அதில் இருக்கக் கூடாது. டொரோண்டோவில் உள்ள இந்தியத் துணைத் தூதரகம் வழியாக அட்டெஸ்ட் செய்யலாம். நோட்டரி முன் கையெழுத்திட்டு அப்போஸ்டில் (பிற நாடுகளும் ஏற்கும் அரசுச் சான்று) வாங்கியும் அனுப்பலாம். கனடா அதற்கான சர்வதேச உடன்படிக்கையில் சேர்ந்து 2024 ஜனவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. எப்படி அனுப்பினாலும், காகிதம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். நான் தபால் உறையைத் தேதி முத்திரையோடு பத்திரமாக வைக்கச் சொன்னேன், அது உதவியது.

அண்ணனுக்குச் சொல்ல இன்னொன்று. நிலத்தைக் குத்தகைக்கு விட்டு வருமானம் பார்த்தால், வெளிநாட்டில் உள்ள அப்படிப்பட்ட சொத்துகளின் அடக்க மதிப்பு மொத்தம் ஒரு லட்சம் கனடா டாலரைத் தாண்டும்போது டி-1135 என்ற வெளிநாட்டுச் சொத்து விவரப் படிவத்தைக் கனடா வரித்துறைக்கு வருடாவருடம் கொடுக்க வேண்டும். வாரிசாக வந்த சொத்துக்கு, வந்த நாளின் சந்தை விலைதான் அடக்கம். சொந்த உபயோகத்துக்கு மட்டும் வைத்திருக்கும் வீட்டுக்கு இது பொருந்தாது.

உண்மையைச் சொன்னால், நிலம் வேண்டும் என்று துடிக்கிற அண்ணன்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. வரப்பை ஒரு முழம் தள்ளி வெட்டிவிட்டார்கள் என்று நடுராத்திரி போன் வரும். இங்கே வெளியே பனி, அங்கே பக்கத்து வயல்காரரோடு பஞ்சாயத்து. அவருக்கு அது வேண்டுமென்றால் சரி, வேண்டியதைத் தெரிந்து வாங்கட்டும்.

மலர்_திருச்சி

ஐயா, தம்பி, இருவருக்கும் நன்றி. பரண் மேல் இருந்த தகரப் பெட்டியில் பத்திரங்கள் கிடைத்துவிட்டன. 2009 காகிதத்தின் நகலும் இருந்தது. அதில் தொகை எதுவும் எழுதவில்லை.

நிலம்: 1951-இல் தாத்தா கிரயம் வாங்கியிருக்கிறார், மொத்தம் 3 ஏக்கர் 24 சென்ட். தாத்தா 1983-இல் இறந்தார், உயில் இல்லை. 1984-இல் பெரியப்பாவும் அப்பாவும் பாகப்பிரிவினை எழுதிப் பதிவு செய்து ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். பெரியப்பா இப்போதும் இருக்கிறார்.

எனக்கு ஓர் அத்தையும் உண்டு, தஞ்சாவூரில். பத்திரத்தில் அத்தை பெயர் எங்கேயும் இல்லை. பாட்டியின் கைநாட்டு இருக்கிறது, ஆனால் கடைசிப் பக்கத்தில் "சாட்சிகள்" என்பதன் கீழே. இதனால் ஏதாவது வில்லங்கம் உண்டா? வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. பட்டா இத்தனை வருடமாக அப்பா பெயரில்தான்.

பழைய_பத்திர_எழுத்தர்

நான் பயந்தது இதற்குத்தான். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பத்திரங்களை நாங்கள் வண்டி வண்டியாக எழுதினோம். ஆண் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள், அம்மாவைச் சாட்சிக்கு வைப்பார்கள், கட்டிக் கொடுத்த பெண்ணைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் "அது எதுக்குங்க" என்பார்கள்.

நல்ல செய்தி முதலில். இது பூர்வீகம் அல்ல. தாத்தா 1951-இல் தன் பெயரில் விலை கொடுத்து வாங்கியதால் அது அவருடைய தனிச் சொத்து. அவர் 1956-க்குப் பிறகு உயில் இல்லாமல் இறந்ததால், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி வாரிசுகளுக்கு வந்தது. அப்படி வந்த பங்கு வாங்கியவரின் சொந்தச் சொத்து, அவர் பிள்ளைகளுக்கு அதில் பிறப்புரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1986-லேயே சொல்லிவிட்டது. ஊரில் தாத்தா கை பட்டதெல்லாம் பூர்வீகம். சட்டத்தில் அப்படி இல்லை. ஆகவே அண்ணனின் பையன்களுக்கு இப்போது தனிப் பங்கு எதுவும் கிடையாது.

பெண்ணுக்குப் பங்கு 2005-க்குப் பிறகுதானே என்று யாராவது ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள். 1989 தமிழ்நாட்டுத் திருத்தம், 2005 மத்தியத் திருத்தம், 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எல்லாம் கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்தைப் பற்றியவை. தகப்பனின் தனிச் சொத்தில் மகளுக்கு மகனோடு சமபங்கு என்பது 1956 முதலே இருக்கிறது. உங்களுக்கு அந்தச் சட்டமே போதும். நீங்கள் அண்ணனின் தயவில் எதையும் கேட்கவில்லை.

கெட்ட செய்தி. அதே 1956 சட்டம் அத்தைக்கும் உண்டு. 1983-இல் தாத்தா இறந்தபோது பாட்டி, பெரியப்பா, அப்பா, அத்தை நாலு பேரும் சமம். அத்தை சேராத பாகப்பிரிவினை அத்தையைக் கட்டுப்படுத்தாது. பாட்டி சாட்சியாகக் கைநாட்டு வைத்ததால் தன் பங்கை விட்டுக் கொடுத்தார் என்று ஆகாது. சாட்சி என்பவர் கையெழுத்து போட்டதைப் பார்த்தவர், அவ்வளவுதான்.

வில்லங்கச் சான்றில் இது தெரியாது. பதிவான பத்திரம்தான் அதில் வரும், பதிவாகாத உரிமை வராது. பட்டாவும் வருவாய்த்துறைப் பதிவு. அதை வைத்து மட்டும் உரிமையை நிலைநாட்ட முடியாது. நாற்பது வருட அனுபவம் இருக்கிறதே என்றால், கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் அனுபவிப்பது எல்லோருக்காகவும் அனுபவிப்பதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அத்தையை விலக்கித் தனக்கென்று அனுபவித்ததாக நிரூபிப்பது தனி வழக்கு. அத்தை கேஸ் போடுவார் என்று சொல்லவில்லை. நாளை நீங்கள் விற்கப் போனால் வாங்குபவரின் வக்கீல் இந்த 1984 பத்திரத்தைப் புரட்டி ஐந்து நிமிஷத்தில் கேட்பார்: மகள் எங்கே?

இப்போது அண்ணனின் யோசனை. நிலம் அவருக்கு, வீடு உங்களுக்கு என்பதில் தப்பில்லை. எந்தப் பத்திரத்தில் செய்கிறோம் என்பதில்தான் சூட்சுமம். ஃபெமாவின் 2019 விதிகளின்படி ஓ.சி.ஐ. வைத்திருப்பவர் விவசாய நிலத்தை வாரிசாகப் பெறலாம். விலைக்கு வாங்கக் கூடாது, தானமாகவும் பெறக் கூடாது. உங்கள் பங்கை நீங்கள் அவருக்குச் செட்டில்மெண்ட் எழுதினால் அது தானம், கூடாது. பணம் வாங்கிக்கொண்டு விடுதலைப் பத்திரம் எழுதினால் அதை விற்பனை என்று நாளைக்கு ஒருவர் கேள்வி கேட்க இடம் கொடுக்கும். எதிர்த் திசையில் பிரச்சினை இல்லை: அவர் தன் நிலப் பங்கை இங்கே வசிக்கும் உங்களுக்குத் தாராளமாக எழுதித் தரலாம்.

ஆகவே விடுதலைப் பத்திரத்தை மறந்துவிடுங்கள். நாலு வாரிசுகளும் சேர்ந்து ஒரே பாகப்பிரிவினை. நிலம் ஒரு செட்யூல் (சொத்துப் பட்டியல்), அது அண்ணனின் பாகம். வீடு இன்னொரு செட்யூல், அம்மா, நீங்கள், பாட்டி மூவருக்கும். பாகப்பிரிவினை என்பது புதிதாக ஒன்றைக் கொடுப்பதல்ல, ஏற்கெனவே கலந்து கிடக்கிற உரிமையைப் பிரிப்பது. அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பில் அண்ணனின் பாகம் அவருடைய நியாயமான பங்கைப் பெரிதாகத் தாண்டாமல் இருக்கட்டும். பதிவுக்கு முன் வரைவை ஃபெமா பார்க்கிற வக்கீல் ஒருவரிடம் காட்டிவிடுங்கள், அந்தச் செலவைப் பார்க்காதீர்கள். குடும்பத்துக்குள் பாகப்பிரிவினைக்கு முத்திரைத் தீர்வை ஒரு பாகத்துக்கு 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணத்துக்கு 10,000. 2023 ஜூலைக்கு முன் 25,000, 4,000 ஆக இருந்தது.

இதெல்லாம் அத்தையின் கையெழுத்துக்குப் பிறகு. அத்தை தன் உரிமையை உங்கள் பெயருக்கும் அம்மா பெயருக்கும் விடுதலை செய்யட்டும். அண்ணன் பெயர் அதில் வர வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான். அத்தை எழுதித் தருவதற்குத் தீர்வைக் கணக்கு வேறு, மேலே சொன்ன உச்சவரம்பை நம்பிப் போகாதீர்கள். உங்கள் 1 ஏக்கர் 62 சென்ட்டின் சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் தெளிவாக இருக்க வேண்டும். பெரியப்பாவின் பாதி அவர் பாடு.

ஆடிட்டர்_குறிப்பு

வரிப் பக்கம் சுருக்கமாக. இந்தியாவில் வாரிசுச் சொத்துக்கு வரி இல்லை. எஸ்டேட் வரியை 1985-இல் எடுத்துவிட்டார்கள். விற்கும்போதுதான் கணக்கு.

வீட்டில் அண்ணன் பங்கு வைத்துக்கொண்டு பின்னால் விற்றால், லாபத்தில் 12.5 சதவீதம் நீண்டகால மூலதன ஆதாய வரி, மேல்வரி தனி. மனை 1996-இல் வாங்கியது என்பதால் 1.4.2001 அன்றைய மதிப்பை அடக்கமாக எடுக்கலாம். பழைய சொத்துக்குப் பணவீக்கச் சரிக்கட்டலோடு 20 சதவீதம் என்ற மாற்று வழி இங்கே வசிப்பவர்களுக்கு மட்டும், அவருக்குக் கிடையாது. வாங்குபவர் கவனிக்க வேண்டியது: உள்ளூர்க்காரரிடம் வாங்கினால் 50 லட்சத்திலிருந்து 1 சதவீதம் டி.டி.எஸ். (வாங்குபவரே பிடித்து அரசுக்குக் கட்டும் வரி); வெளிநாட்டில் வசிப்பவரிடம் வாங்கினால் அந்த வரம்பே கிடையாது, பிடித்தமும் அதிகம். குறைந்த பிடித்தத்துக்கு அண்ணன் முன்கூட்டியே வருமான வரித்துறையில் சான்றிதழ் வாங்கலாம். பணத்தை என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து ஒரு நிதியாண்டுக்கு 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை வெளியே கொண்டுபோகலாம்.

நிலம் கிராமப்புற விவசாய நிலம் என்ற வரையறைக்குள் வந்தால் மூலதன ஆதாய வரியே இல்லை. நகராட்சி எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது. மக்கள்தொகைக்கு ஏற்ப 2, 6, 8 கிலோமீட்டர் என்று கணக்கு. லால்குடி இப்போது நகராட்சி, அதனால் அளந்து பாருங்கள். அண்ணன் அந்த நிலத்தை விற்றால் இந்தியாவில் வசிக்கும் இந்தியருக்குத்தான் விற்க முடியும்.

மேரி_பாளை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்களுக்கும் இதே கால் பங்குக் கணக்குதானா?

பழைய_பத்திர_எழுத்தர்

இல்லை அம்மா. உங்களுக்கு 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் இல்லாமல் கணவர் இறந்து பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாக, ஆண் பெண் வித்தியாசம் இல்லை. பிள்ளைகள் இருந்தால் இறந்தவரின் தாய்க்குப் பங்கு வராது. ஃபெமா விஷயம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். உங்கள் விவரத்தைத் தனியாக எழுதுங்கள், இங்கே கலந்தால் மலர் குழம்பிவிடுவார்.

மலர்_திருச்சி

தஞ்சாவூர் போய் வந்தேன். அத்தை பத்திரத்தைக் கையில் வாங்கி, பாட்டியின் கைநாட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம், "உங்க அப்பன்கிட்ட எனக்கு ஒண்ணும் வேண்டாம், எழுதித் தர்றேன். ஆனா உங்க பெரியப்பன்கிட்ட நான் கேப்பேன்" என்றார். பெரியப்பாவுக்கு இதைச் சொல்ல வேண்டியது என் வேலையா என்று தெரியவில்லை, நான் வாயை மூடிக்கொண்டு காபி குடித்தேன்.

அண்ணனிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். முதலில் கோபம் வந்தது. பையன்களுக்குப் பங்கு இல்லை என்றதை ஏற்க ஒரு வாரம் ஆனது. பிறகு அவரே அங்கே யாரையோ கேட்டுவிட்டு, ஸ்பெஷல் பவர் என்றால் சகலை எதற்கு, அம்மா பெயருக்கே அனுப்புகிறேன் என்றார். அம்மாவும் பத்திரத்தில் ஒரு கட்சி, அவரே அண்ணனுக்காகவும் கையெழுத்து போடலாமா?

இன்னும் இரண்டு சந்தேகம். அண்ணன் பின்னால் நிலத்தைத் தன் பையன்களுக்குக் கொடுக்க முடியுமா? பாட்டி வீட்டில் தன் பங்கை எனக்கே எழுதுகிறேன் என்கிறார். ஆனால் மாடிப்படி இறங்கவே இருவர் பிடிக்க வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் எவ்வளவு நேரம் உட்கார வைப்பார்கள் என்று தெரியாமல் அழைத்துப்போகப் பயமாக இருக்கிறது.

பழைய_பத்திர_எழுத்தர்

அம்மா பெயருக்குப் பவர் வரலாம், சட்டத்தில் தடை இல்லை. இருந்தாலும் ஒரே ஆள் இரண்டு பக்கமும் கையெழுத்து போட்டால் பின்னால் பார்ப்பவர் கண்ணை உறுத்தும். அண்ணனுக்கு நம்பிக்கையான, சொத்தில் சம்பந்தம் இல்லாத ஒருவர் நல்லது. மாமாவே இருக்கிறாரே, அவருக்கும் ஒரு வேலை ஆயிற்று. பதிவு நாளில் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றும் கேட்பார்கள், அண்ணனை முன்பே அனுப்பச் சொல்லுங்கள்.

பையன்கள் ஓ.சி.ஐ. வைத்திருந்தால் அண்ணனுக்குப் பின் வாரிசாக நிலத்தைப் பெறலாம். உயிரோடு இருக்கும்போது அவர்களுக்குத் தானம் எழுத முடியாது. பக்கத்து வயல் விலைக்கு வருகிறது என்று அண்ணன் ஆசைப்பட்டாலும் முடியாது. இருப்பதை வைத்துக்கொள்ளத்தான் அனுமதி. நிலத்தில் குத்தகைக்காரர் யாராவது இருந்தால் பாகப்பிரிவினைக்கு முன்பே அண்ணனுக்குத் தெரியப்படுத்துங்கள். 1955 சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிற ஊர் இது, ரிட்டயர் ஆகி வந்து இறங்கியதும் காலி செய் என்று சொல்ல முடியாது.

பாட்டி விஷயம். பாகப்பிரிவினை முடிந்தபிறகு, வீட்டில் அவருக்கு வந்த பங்கை உங்களுக்குச் செட்டில்மெண்ட் எழுதட்டும். பேத்திக்கு எழுதினால் குடும்பச் சலுகை உண்டு. "என் ஆயுள் வரை இந்த வீட்டில் குடியிருக்கவும் பராமரிப்புப் பெறவும் எனக்கு உரிமை உண்டு" என்ற வரியை நீங்களே கேட்டுப் போடச் சொல்லுங்கள். அந்த வரி இருந்து பராமரிப்பு நடக்காவிட்டால், 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். நீங்கள் அப்படி விடமாட்டீர்கள், ஆனாலும் இருக்கட்டும். அத்தையும் பெரியப்பாவும் படிக்கும்போது பாட்டியை ஏமாற்றி எழுதவில்லை என்பது அதிலேயே தெரியும். அம்மாவின் பங்கை மட்டும் இப்போதைக்கு யாருக்கும் எழுத வேண்டாம். அது அவர் பெயரிலேயே இருக்கட்டும்.

பாட்டியை அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. உடல் நலிவால் வர முடியாதவர்களுக்கு, பதிவுச் சட்டத்தின் 31, 38-ஆம் பிரிவுகளில் வீட்டுக்கே வந்து பதிவு செய்ய வழி இருக்கிறது. மருத்துவரின் சான்றிதழோடு சார்பதிவாளருக்கு மனு, அதற்கென்று தனிக் கட்டணம். சான்றிதழில் நடக்க முடியாது என்பதோடு, சுயநினைவோடும் தெளிவாகவும் இருக்கிறார் என்ற வரியும் கட்டாயம் இருக்க வேண்டும். அலுவலர் பாட்டியிடம் நேரே கேட்பார்: யாருக்கு எழுதுகிறீர்கள், எதற்கு எழுதுகிறீர்கள் என்று. அந்த நேரம் நீங்கள் பக்கத்தில் நின்று பதில் எடுத்துக் கொடுக்காதீர்கள். பாட்டியே தன் வாயால் சொல்லட்டும். கைநாட்டு வைக்கும் பக்கத்தில் இந்தமுறை "எழுதிக் கொடுப்பவர்" என்ற இடமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.